தகடு எண் 6114

திங்களன்று இரண்டாயிரத்து முந்நூறில் ஒன்று.
புதனன்று எழுநூறில் ஒன்று.
வெள்ளி காலை ரொட்டிக்கடை வரிசையில்
எனக்கு முன்னால் நின்ற ஹென்ஷெல்
திரும்பிக் கேட்டார்:
"தொண்ணூற்றொன்றில் ஒன்றாமே,
கூரைக்கு ஓடு மாற்றலாமா, பொறுக்கட்டுமா?"

மாற்றுங்கள் என்றேன்.
தூரிங்கியாவில் ஆலங்கட்டி
அதைவிட நிச்சயம்.

எப்படிச் சொல்வது அவருக்கு,
எண் ஏறுவது கல் நெருங்குவதால் அல்ல என்று.
நாம் அறியாதது ஒரு குளம்.
இரவுக்கு இரவு அதை இறைக்கிறோம்.
மீன் பெருக்கவில்லை, நீர்தான் வற்றுகிறது;
மிஞ்சிய சேற்றுக்குள் பூமி இன்னும் கிடக்கிறது.
நாளைக்கே அது கரையில் இருக்கலாம்.
அல்லது.
இந்த 'அல்லது'க்குத்தான் எனக்குச் சம்பளம்.

கல் இப்போது சூரியனுக்குப் பின்னால்.
மறுபடி கண்ணில் பட நான்கு ஆண்டு.
ஆகவே நிலவறைக்கு இறங்கினேன்.

1986 நவம்பர்.
மோதப்போகும் கல் என்றால்
அன்றிரவு அது இங்கே இருந்தாக வேண்டும்:
மேஷத்தின் இரண்டு மங்கல் மீன்களுக்கு நடுவே
நகம் கீறியது போல் ஒரு கோடு.
மோதாத பாதைகள் எல்லாம்
வேறெங்கோ போகின்றன.
உறைமேல் ஏபர்ஹார்டின் பென்சில் எழுத்து:
'கடும் உறைபனி. நாற்பது நிமிடம்.
இடது மூலையில் மேகம்.'
நான் தேடுவது வலப்பக்கம்.

கண்ணாடியில் வானம் வெளுத்திருந்தது.
கடுகு சிந்தியது போல் விண்மீன்கள், கறுப்பாய்.
உருப்பெருக்கியை வைத்துக் குனிந்தேன்.

ஒரு கோடு இருந்தது.

மனிதகுலம் நினைவுக்கு வரவில்லை.
தங்கை லீஸலோட்டே
வீட்டுக்கு வாங்கிய முப்பது ஆண்டுக் கடன்
நினைவுக்கு வந்தது.

மூச்சடக்கித் தூரிகையால் தொட்டேன்.
கோடு நகர்ந்தது.
என் கையுறையின் நூல்.

நூலுக்கு அடியில்
ஒன்றுமில்லை.
மூன்று முறை பார்த்தேன்.
பக்கத்து அறையிலிருந்து உட்ஸ் வந்து
வாயில் ஆப்பிளோடு நான்காம் முறை பார்த்தான்.
அதைவிட மங்கிய மீன்கள்கூட அங்கே பதிந்திருந்தன;
இருந்திருந்தால் தெரிந்திருக்கும்.
ஒரு கல் ஓரிரவு ஓரிடத்தில் இல்லாததால்
2051 ஏப்ரல்
வெறும் ஏப்ரல் ஆயிற்று.

மேலே போய்ப் பட்டியலில் பெயரை அடித்தேன்.
ஜன்னலுக்கு வெளியே
ஹென்ஷெலின் கூரையில் ஆள் ஏறியாயிற்று,
பழைய ஓடுகள் ஒவ்வொன்றாய்
வண்டியில் விழும் சத்தம்.

உறையில் தகட்டைத் திருப்பி வைக்கும்போதுதான்
கடைசி வரியைப் படித்தேன்:
'குறிப்பிடத்தக்கது ஏதுமில்லை.'

அதன் கீழே தேதியிட்டு
அழுத்தாமல் எழுதினேன்:
ஆமாம்.