ஜம்பட்டா வீதியைத் தவிர்த்து

பூசை முடிந்ததும் காணிக்கை எண்ணுவது
ஐந்து வருடமாய் என் வேலை.
இருபதை இருபதோடு, நூறை நூறோடு,
பிள்ளைகள் வியர்த்த கையால் போட்ட குற்றிகள் தனியே.
தாளை மணந்தே சொல்லுவேன்
இது மீன்காரி தந்தது, இது மருந்துக்கடைக்காரர் தந்தது.
ஆண்டவரே, நீரும் எங்களை
அப்படித்தான் அறிகிறீரோ?

தவக்காலத்து இரண்டாம் ஞாயிறு
ஐயாயிரம் தாள் ஒன்று
நாலாய் மடிந்து கிடந்தது, மணமில்லாமல்.
எண்ணிக்கைப் புத்தகத்தில் அது ஏறவில்லை,
என் சட்டைப்பையில் ஏறியது.
அப்போது கை நடுங்கவில்லை.
இதை எழுதும்போது நடுங்குகிறது.

புக்கிக் கடைக்குள் நல்ல குளிர்.
சுவரில் ஏழு திரைகள்.
நான் ஒருநாளும் காணப்போகாத ஊரில் மழை பெய்தது,
குதிரைகள் மூக்கால் புகைவிட்டன.
கீழே நாங்கள்: இரண்டு ஆட்டோக்காரர்,
சீருடை மாற்றாத வங்கிக் காவலாளி,
கோழி வெட்டுகிற ஒருவர், நான்.
எல்லாரும் அண்ணாந்தபடி.
பீடத்தை இப்படி நான் பார்த்ததேயில்லை.

மூன்றாம் எண் குதிரை.
விபூதிப் புதனன்று நெற்றியில் பூசிய
அதே ஈரச் சாம்பல் நிறம்.
வென்றது.

தோற்றிருந்தால் சுகம்.
தோற்றவன் அழுதுகொண்டு திரும்பி வரலாம்,
அவனுக்கென்று செபங்கள் இருக்கின்றன,
கொழுத்த கன்றுகூட இருக்கிறது.
நாற்பத்திரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாயோடு நிற்பவன்
எந்த முகத்தோடு வருவது?

"கடையிலே சரக்கு இறக்கினது, பிந்திப்போச்சு"
என்றேன் புளோராவிடம்.
"போன ஞாயிற்றுக் கணக்குச் சரிதானே?"
"சரி சுவாமி" என்றேன்.
வெள்ளி பின்னேரம் சிலுவைப்பாதைக்கு வந்தபோது
வாசலில் மொரிஸ்,
எல்லார் பையும் திறந்து பார்க்கிறவன்,
என்னுடையதை மட்டும் பார்க்காமல் சிரித்தான்.
"அண்ணை, ஏதும் இருக்கோ?"
"ஒண்டுமில்லை."

கொட்டாஞ்சேனையில் எங்கள் பக்கம்
சேவல் வளர்ப்பார் எவருமில்லை.
துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது,
நீளமாய், அடிவயிற்றுக்குள்.

வெளியே போய் மனங்கசந்து அழுதவர் பெரியவர்.
எனக்கு வியர்க்கத்தான் வந்தது.
மொரிஸின் பிளாஸ்டிக் கதிரையில் இருந்துவிட்டேன்.
"பையை ஒருக்கால் பார்" என்றேன்.
பார்த்தான்.
சாப்பாட்டுப் பெட்டி, குடை,
ரப்பர் பட்டி போட்ட கட்டு.
ஒன்றும் கேட்கவில்லை அவன்.
கொஞ்சம் பொறுத்து,
"சுவாமியின்ரை அறையிலே லைட் எரியுது" என்றான்.

சுவாமி பாணும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.
கை கழுவ எழும்பினவரை மறித்துச் சொன்னேன்.
கழுவப் போயிருந்தால்
நான் ஓடியிருப்பேன், அது அவருக்கும் தெரிந்தது.
எச்சில் கையை மடியில் வைத்துக்கொண்டு
முழுவதையும் கேட்டார்.
சம்பல் காய்ந்த அதே விரல்களால்
என் தலைமேல் சிலுவை வரைந்தார்.

ஐயாயிரம் பெட்டிக்குப் போனது.
மிச்சத்தை என்ன செய்வதென்று
அவருக்கும் தெரியவில்லை.
லாச்சிக்குள் கிடக்கட்டும், யோசிப்போம் என்றார்.
இனி எண்ணுவதற்கு வேறு ஆள் பாருங்கள் என்று
நானே சொன்னேன்.
அவர் உடனே தலையாட்டியது
கொஞ்சம் சுட்டது.

இப்போது வேலை விட்டு வரும்போது
ஜம்பட்டா வீதியால் வருவதில்லை.
சுற்றி வர பன்னிரண்டு நிமிடம் கூட.
கருவாட்டு மூட்டைகள், வாய்க்கால் நாற்றம்,
பிளாஸ்டிக் வாளிகள் அடுக்கின ஒரு கடை.
குழந்தையைப் பார்த்துவிட்டு
ஏரோதின் தெருவை விட்டுச் சுற்றிப்போன ராசாக்களுக்கும்
இப்படித்தான் கால் உளைந்திருக்கும்.
ஐந்தரை மணிக்கு என் தொடைக்குள்
ஏதோ ஒரு குதிரை இன்னமும் உதைக்கிறது.
உதைக்கட்டும். நடக்கிறேன்.
நீர் பின்னால் வருகிறீரா என்று
திரும்பிப் பார்ப்பதில்லை.

புளோராவுக்கு இன்னும் சொல்லவில்லை.
மாடிப்படியில் பதினெட்டுப் படி.
பதினோராம் படியில் நின்று
மூச்சு வாங்குகிறேன், ஆண்டவரே,
மேலே கதவு திறந்துதான் இருக்கிறது.