பத்து கிராம்

லிட்டருக்குப் பத்து கிராம் என்றார் வேளாண் அலுவலர்.
மளிகைத் தராசில் பத்து கிராம் நிற்காது.
அடகுக்கடைக்குப் போனேன்.
போன மாசம் என் தோட்டை எடைபோட்ட தட்டிலேயே
பொட்டாஷ் உப்பைக் கொட்டி நிறுத்துத் தந்தான் தனவேல்.
சிரிக்கவில்லை.
சேதாரமும் கழிக்கவில்லை.

கிள்ளை வாய்க்காலில் கடல் ஏறி
மூன்று வருஷம்.
விடிந்தால் வரப்போரம்
சுண்ணாம்பு அடித்த மாதிரி பூத்துக் கிடக்கும்.

பச்சை பிளாஸ்டிக் வாளியில்
பதினாறு மணி நேரம் ஊறியது விதைநெல்.
ராத்திரி இரண்டு தடவை எழுந்துபோய்
விரலை விட்டுப் பார்த்தேன்,
காய்ச்சல் பிள்ளையின் கழுத்தைத் தொடுவதுபோல்.
பிறகு நிழலில் காயவைத்து
பழைய எடைக்கே கொண்டுவந்து
ஈரச்சாக்கில் நூறு மணி சுருட்டினேன்.
ஊறாத நூறு இன்னொரு சாக்கில்.
இரண்டுக்கும் அதே வாய்க்கால் தண்ணீர்,
சலுகை கிடையாது.

எட்டாம் நாள்
இதில் எழுபத்தொன்று. அதில் முப்பத்தெட்டு.
ஆசையில் எண்ணியிருப்பேனோ என்று
கலியவரதனை எண்ணச் சொன்னேன்.
அறுபத்தொன்பது என்றது அந்த மனுஷன்.
இரண்டை முளையென்று ஒத்துக்கொள்ளவே இல்லை.
சண்டை போட்டோம், இரண்டு நெல்லுக்கு.

விதைத்தாச்சு.
மதகை ஒட்டிய கால் காணி
எதற்கும் மசியாமல் கரிந்தே போனது.
மிச்சத்தில் பச்சை இருக்கிறது,
குட்டையாக, கொஞ்சம் முறைத்துக்கொண்டு.

வாளியைக் கழுவும்போது
விரலை நாக்கில் வைத்துப் பார்த்தேன்.
கடல் மாதிரி இல்லை.
கசந்தது.

தோடு இன்னும் தனவேல் பெட்டியில்தான்.
ஓட்டை தூர்ந்துவிடாமல்
காதில் வேப்பங்குச்சி.