பதினைந்து

ஷார்ஜா கோர்ட்டுக்கு எதிர்ச்சாரியில் டைப்பிங் சென்டர்.
இரண்டாவது மேசை என்னுடையது.
வாடகை ஒப்பந்தம், விசா, பிள்ளையின் பிறப்புச் சான்று
எல்லாம் வலமிருந்து இடமாக அடித்துக் கொடுப்பேன்.
மேல்முறையீடு என்றால் மட்டும்
டீயைத் தள்ளி வைத்துவிடுவேன்.

மாசானமுத்து, கேபிள் கிடங்கில் ஸ்டோர்கீப்பர்.
நாற்பத்திரண்டு சுருள் செம்புக் கம்பி
கேட்டைத் தாண்டிய சீட்டில் அவன் கையெழுத்து.
சீட்டு அரபியில் இருந்தது.
தீர்ப்பையும் அரபியில்தான் வாசித்தார்கள்,
மூன்றாம் தேதி, திங்கட்கிழமை.
அவனுக்குப் பிடிபட்டது அவன் பெயர் மட்டும்,
அதுவும் பாதி.
மொழிபெயர்ப்பாளர் 'இரண்டு வருஷம்' என்றார்.
பிறகு 'பதினைந்து நாள்' என்றார்.
அதையும் தண்டனையில் கூட்டிக்கொண்டான்.

இப்படியே பன்னிரண்டு நாள்
ஒழுங்காகக் கழித்திருக்கிறான்.
செக் வழக்கில் உள்ளே இருக்கும் கொல்லத்து டிரைவர்
காகிதத்தை வாங்கிப் பார்த்து
"எடா, இது அவதி" என்றாராம்.
"அவதிதாண்ணே, தெரியும்" என்றானாம் இவன்.
அவர் பாஷையில் அது தவணை என்று விளங்க
இன்னொரு நாள் போயிற்று.

போன் கார்டில் மிச்சமிருந்தது மூன்று நிமிஷம்.
அதில் முப்பிடாதிக்கு என் நம்பரைச் சொல்லியிருக்கிறான்.
பதினெட்டாம் தேதி, பதினொன்றே முக்காலுக்கு
திசையன்விளையிலிருந்து அவள் அழைத்தாள்.
"பாய், நேத்தோட பதினைஞ்சு முடிஞ்சு போச்சே.
இன்னைக்குப் பதினாறுல்லா."

பதினாறு என்று அவள் சொன்ன விதத்தில்
வாசலில் பந்தல் போட்டு
பந்தி நடந்துகொண்டிருந்தது.

"எப்படிம்மா எண்ணுனீங்க?"
"எங்க பக்கம் விழுந்த நாளும் ஒண்ணு பாய்."

காலண்டரில் பேனாவை வைத்தேன்.
கோர்ட்டு தீர்ப்பு நாளை எண்ணாது.
நாலாம் தேதிதான் ஒன்று.
"அவரு சாகலம்மா. முதல் நாளைக் கழிச்சிருங்க."

அவள் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள், வாய்விட்டு.
பதினைந்தில் நின்றது.
மூச்சு மட்டும் ஓடியது லைனில்.
நான் போனை ஸ்பீக்கரில் போட்டு அடிக்க ஆரம்பித்தேன்.

டிரைவரின் தம்பி கொண்டுவந்த தாள் ஜெயில் முத்திரையோடு இருந்தது.
இனி அரபிக் காகிதத்தில் கையெழுத்தே போடுவதில்லை என்று
பெருவிரலை உருட்டியிருந்தான்.
மையில் ஒரு வெட்டுத்தழும்பு,
குறுக்கே, கம்பி கீறினது போல.

பெயரை முழுசாக அடித்தேன்.
மீம், அலிஃப், சீன்.
முத்துவை விட மனசில்லை.

'தாமதத்துக்குக் காரணம்' என்று ஒரு கட்டம்.
அதைக் காலியாக விட்டதில்
எனக்கொரு சின்னத் திமிர்.

இரண்டு மணிக்கு கவுண்டர் அடைப்பார்கள்.
ரசீதில் ஒன்று ஐம்பத்திரண்டு.
ஜெயிக்குமா என்று அவள் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.
"வாங்கிட்டாங்களா?" என்றாள். "வாங்கிட்டாங்க."

திரும்பி வந்தபோது டீயில் ஆடை படிந்திருந்தது.
மேசைக்கு முன்னால் ஒருத்தர்,
வாடகை ஒப்பந்தம்.
எந்தத் தேதியிலிருந்து போடட்டும் என்றேன்.
"ஏதாவது ஒரு தேதி போடுங்க" என்றார் அவர்.