விறகடுக்கில் முயல்

சோமா சதுப்பில் எங்களுக்குப் பருவங்கள் ஐந்து.
பனி உருகி வசந்தம் வந்து சேர்வதற்குள்
இடையில் நுழைந்துகொள்ளும் வெள்ளத்துக்கும்
ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறோம்.

செவ்வாய் இரவு வந்தது ஹல்லிஸ்தே ஆறு,
சத்தமில்லாமல்.
விடிந்து பார்த்தால் புல்வெளி முழுக்க வானம்.
சாத்திய படல் சாத்தியபடியே இருக்க
அதன் தலைக்கு மேல் படகு ஓட்டிப்போய்
மேட்டுக் கொட்டிலில் பசுவுக்குத் தீனி வைத்தார் உர்மஸ்.

கன்றை விற்றதிலிருந்து
எங்களுக்குள் பேச்சில்லை. பதினோரு நாள்.
அதன் கயிறு இன்னும் ஆணியில்.
ரொட்டிக் கத்தியைக்கூட
மேசைமேல் தள்ளிவிடுவோம், கையில் கொடுப்பதில்லை.

விறகடுக்கின் கிழக்கு முனையில்
ஒரு முயல் ஒண்டியிருந்தது.
பாதி வெள்ளை, பாதி பழுப்பு.
சட்டை மாற்றும் நேரத்தில் அகப்பட்டுக்கொண்ட முகம்.
உருளைக்கிழங்கு வயலுக்கு மேலே
எல்க் மான் ஒன்று நீந்திப் போனதை
அதுவும் பார்த்தது, நானும் பார்த்தேன்.

“அந்தப் பக்கம் விறகெடுக்காதே”
என்றார் உர்மஸ்.
“தெரியும்” என்றேன்.
அவ்வளவுதான்.
அன்றிரவு மேற்கு முனையின் ஈர விறகு
புகைந்து புகைந்து கண்ணைக் கரித்தது.
மாறி மாறி ஊதினோம்.

ஆறாம் நாள் நீர் வடிந்தது.
முயல் இறங்கிப் போயிற்று.
திரும்பிப் பார்க்கவில்லை,
எதற்குப் பார்க்கவேண்டும்.
எங்கோ கொக்குகள் கத்தின.
சேறு அப்பி இறுகிய படலை
இருவரும் தோள் கொடுத்துத் தள்ளித் திறந்தோம்.
வெளியே யாருக்கும் போகவேண்டியிருக்கவில்லை.

மே மாதம் ஆகிவிட்டது.
கிழக்கு முனை விறகு
அப்படியேதான் இருக்கிறது.