கொசுறு

"இங்கே என்ன வாங்கலாம்?"
சாவியை மேசைமேல் வைத்துக் கேட்கிறார்
நானூற்றுப் பன்னிரண்டாம் அறைக்காரர்.
ஓட்டல் தாளில் கோடு இழுத்துக் காட்டுகிறேன்.
இது மிலியாட்ஸ்கா ஆறு. இது பாலம்.
தாண்டினால் புறாக்களின் சதுக்கம்.
சரயேவோவில் எல்லா வழியும் அங்கிருந்துதான்.

செம்புக் கெண்டி இடது சந்தில்.
பேரம் பேசுங்கள், பேசாவிட்டால் வருத்தப்படுவார்கள்.
தோட்டா உறையில் செய்த பேனா
ஃபஹ்ரோ கடையில் ஐந்து மார்க்.
அசலா என்று மட்டும் கேட்காதீர்கள்.
அசல் போன கோடையிலேயே தீர்ந்துவிட்டது.
இப்போது வருவது
அட்டைப்பெட்டியில், சுடப்படாமல், பளபளவென்று.

கம்பளிக் காலுறை டிராம் நிறுத்தத்தில்.
விற்பவர்கள் கிழக்கே ஊரை விட்டு வந்த பெண்கள்.
ஜோடி ஒரே அளவா என்று பார்த்து வாங்குங்கள்,
பின்னும்போது பேசிக்கொண்டே இருப்பார்கள்.
புதிதாகத் திறந்த அங்காடியில்
நகரும் படிக்கட்டு இருக்கிறது.
எங்கள் ஆட்கள் அங்கே வாங்கப் போவதில்லை,
ஏறி இறங்கப் போகிறோம்.

"சண்டை நின்றதும் நீங்கள் முதலில் என்ன வாங்கினீர்கள்?"
மரியாதைக்குக் கேட்கிறார்.
"செருப்பு" என்கிறேன்.

வாங்கியது கண்ணாடி.
ஒரு ஜன்னலுக்கு ஒரு பலகை.
நானும் ரெஷாதும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து
பழைய போர்வையைக் கைக்குக் கொடுத்து
நடுத்தெருவில் நடந்தோம்.
ஒருத்தி நிறுத்தி உதட்டுச்சாயம் சரிசெய்துகொண்டாள்.
ஒரு பையன் நாக்கை நீட்டினான்.
எரிந்த தபால் நிலையமும் டிராமும் மேகமும்
எங்கள் இரண்டு பேர் கைக்குள் ஆடி ஆடி வந்தன.
நான்கு குளிர்காலம் பிளாஸ்டிக் தாள் வழியாகப் பார்த்த ஊர்
இவ்வளவு கூர்மையாகவா இருந்தது?
மூன்றாம் மாடித் திருப்பத்தில்
ஒரு மூலை சுவரில் பட்டது.
அந்த மூலையில் இன்னும் பிளாஸ்டிக்தான்.

சாயங்காலம் திரும்பி வருகிறார், முகமெல்லாம் சிரிப்பு.
பழைய சாமான் சந்தையில் பிடித்தாராம்:
பித்தளைக் காபி அரைவை, நீளக் குழல்.
"நாற்பது மார்க். ஏமாந்துவிட்டேனா?"
"நல்ல விலை."
"விமானத்தில் நசுங்காமல் கட்டித் தர முடியுமா?"

செய்தித்தாளை விரிக்கிறேன்.
அடியில் ஒரு நெளிசல்.
கைப்பிடியில் சுற்றிய பச்சை நூல்.
இரண்டாம் மாடி நஃபியாவுடையது.
இரண்டாவது குளிர்காலத்தில்
இரண்டு கிலோ மாவுக்குக் கொடுத்தாள்.
கொடுப்பதற்கு முந்தைய இரவு
மாடிப்படி முழுக்க எல்லாருக்கும் அரைத்துக் கொடுத்தாள்.
இப்போது மால்மோவில் இருக்கிறாள்,
அங்கே காபி தண்ணீராக இருக்கிறதென்று எழுதுவாள்.

பழக்கதோஷம், கை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டது.
தாளில் சிட்டிகைப் பொடி உதிர்ந்தது.
குனிந்து முகர்ந்தார்.
"அட, பழைய காபி! இன்னும் மணக்கிறதே!"

அது காபி இல்லை.
வாணலியில் கருக வறுத்த பருப்பு.
அந்த வருஷம் நாங்கள் அதைத்தான்
காபி என்று சொல்லி, வாருங்கள் என்று அழைத்து,
கோப்பையில் ஊற்றிக் குடித்தோம்.

"ஆமாம்" என்றேன்.

பொடியைத் தட்டாமல் தாளோடு மடித்தேன்.
நான்கு சுற்று, குறுக்கே இரண்டு, முடிச்சு.
நல்ல கட்டு. உருட்டிவிட்டாலும் ஒன்றும் ஆகாது.
பச்சை நூல் என் சட்டைப்பையில்.
நாற்பது மார்க்கில் அதுவும் சேர்த்தியா என்று
அவரும் கேட்கவில்லை.

"காலை ஐந்தரைக்கு டாக்சி சொல்லிவிடட்டுமா?"