சிவப்பு

அட்டன் சந்தையில் டிராகன் பழம்
ஒன்றே ஒன்று வாங்கினேன். முந்நூற்றைம்பது ரூபா.
செதில் செதிலாய், தீப்பிடித்த கோவா.
"கடிக்குமா?" என்றாள் டிலுக்ஷி.

கவ்வாத்துக் கத்தியைக் கழுவி
இரண்டாய்ப் பிளந்தேன்.
உள்ளே அப்படியொரு சிவப்பு,
எள்ளைக் கொட்டிப் பிசைந்தது போல.

ருசி? சொல்லும்படி ஒன்றுமில்லை.
வெள்ளரிக்காய் கொஞ்சம் சீனியை நினைத்துக்கொண்ட மாதிரி.
தேசிக்காய் பிழிந்து உப்புத் தூவினார் இவர்.
அதன்பிறகு தோலையும் சுரண்டினோம்.

விடியற்காலை, பிரட்டுக்கு முன்,
கக்கூசிலிருந்து இவர் அலறல்:
"புள்ள, ரத்தம் போகுது!"

டிஸ்பென்சரிக்கு ஓட சால்வையைத் தேடியவள்
நின்றேன்.
டிலுக்ஷியின் நாக்கைப் பார்த்தேன்.
என் நகக்கண்ணைப் பார்த்தேன்:
கொழுந்துக் கறை கறுத்த விரலில்
வேறொரு நிறம்.

சிரிப்பை அடக்கிக்கொண்டு கதவைத் தட்டினேன்.
"பழந்தாங்க. வெளிய வாங்க."