பொதுத்தீர்வை

உடையாப்பட்டி தாண்டி
சேகோ ஆலை வாசலில் நிற்கும் லாரி வரிசைக்கு
நான்தான் தீர்ப்பு.
இருபத்திரண்டு வருடமாகப் பாயிண்ட் பார்க்கிறேன்.

மரவள்ளியைக் காற்றில் நிறுத்தால்
மண்ணும் நாரும் ஈரமும் சேர்ந்து கனக்கும்.
அதனால் கழுவி
கூடையிலிட்டு
தொட்டிக்குள் இறக்குவோம்.
தண்ணீர் தன் பங்கைத் தூக்கிக்கொள்ளும்.
அதற்குப் பிறகும் கீழே இழுப்பது எதுவோ
அதுதான் மாவு. அதற்குத்தான் காசு.

படிக்கல் தட்டின் அடியில்
அரக்கு வைத்து ஒட்டிய எட்டணா ஒன்று உண்டு.
சொன்னது முதலாளி. ஒட்டியது என் கட்டைவிரல்.
இருபத்தெட்டு, இருபத்தாறரை ஆகும்.
யாரும் கேட்பதில்லை.
கருமந்துறையிலிருந்து பாதி லோடு கொண்டுவந்த
பாவாயி மட்டும் கேட்டாள்:
"போன வாரம் இதே காட்டுக் கெழங்கு
வேற மில்லுல இருவத்தெட்டுங்க.
வர்ற வழியில எளைச்சுப் போச்சுங்களா?"
டிரைவர் சிரித்தான். நானும் சிரித்தேன்.
சீட்டை முந்தானையில் முடிந்துகொண்டு போனாள்.

ஞானோபதேசத்தில் மனப்பாடம்:
சாவு, தீர்வை, மோட்சம், நரகம்.
செத்ததும் தனித்தீர்வை,
உலகம் முடிகையில் பொதுத்தீர்வை.
ஒருமுறை தீர்த்ததை எதற்கு மறுபடியும்
என்று பத்து வயதில் கேட்டு அடி வாங்கினேன்.
இப்போது தெரிகிறது.
முதலாவது எனக்கும் ஆண்டவருக்கும்.
இரண்டாவதில் பாவாயி இருப்பாள்,
சீட்டோடு.

ஒரு தவக்காலத்தில் அரிசிப்பாளையம் கோவிலில்
பாவசங்கீர்த்தனம் செய்தேன்.
பத்து அருள்நிறை மந்திரம். பிறகு,
"அந்தக் காசைப் பெயர்த்துவிடு, இஞ்ஞாசி."
பெயர்த்தேன்.
திங்கட்கிழமை பதினேழு லோடுக்கு
முள் உள்ளபடி நின்றது.
பதினெட்டாவதற்கு முதலாளி வந்தார்.
தொட்டியை எட்டிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல்
அரக்குக் கட்டியை என் பக்கம் நகர்த்தினார்.
மகளின் நர்சிங் ஃபீஸ் இரண்டு தவணை பாக்கி அப்போது.

சேர்வராயன் மலைமேல் மின்னல் வெட்டும் இரவுகளில்
கடைசி எக்காளம்
எனக்கு லாரி ஹாரனாகத்தான் கேட்கிறது.
வரிசை கஞ்சமலை வரை நீண்டு கிடக்கிறது.
பதினேழு சீட்டின் அடிக்கட்டைகளைப் பிடித்தபடி
நானும் நிற்கிறேன்,
பார்த்துப் போடுங்கள் என்று கேட்டுவிடலாமென்று.

அதையும் கழுவி
கூடையிலிட்டு
தொட்டிக்குள் இறக்குவார்கள்.